நீர் கொதிக்கிறது, மோட்டாரை நிறுத்துங்கள்

அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் வார இறுதியில் தூண்டிலும் கையுமாக லேனியர் ஏரிக்குக் கிளம்புகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் பாஸ் மீன்கள் இரைமீன் கூட்டத்தை மேலே தள்ளி அடிக்கும் நேரத்தில் அவர்கள் செய்வதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். தண்ணீர் கொதிப்பது கண்ணில் பட்டதும் மோட்டாரை முடுக்கி நேரே அதற்குள் போகிறார்கள். போய்ச் சேரும்போது அங்கே ஒன்றும் இருக்காது. நூறு கெஜம் தள்ளி மறுபடி கொதிக்கும். மறுபடி விரட்டல். மதியம்வரை இதே கூத்து. கடைசியில் டேங்க் காலியாகி, "இன்னிக்கு மீனுக்கு மூடே இல்லைங்க" என்று தீர்ப்பு வேறு.

மீன் அன்றைக்கு விடாமல் தின்றுகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் ஓசைப்படாமல் நின்ற படகுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

படகு ஓட்டவும், வீசவும், முடிச்சுப் போடவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதெல்லாம் இன்னும் கைவராதவர்கள் கொஞ்ச நாள் கரையிலிருந்து ப்ளூகில் மீன் பிடித்துவிட்டு வாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

1. இரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

லேனியர் செயற்கை ஏரி. 1950களில் சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபர்ட் அணை கட்டியதால் உண்டானது. பரப்பு சுமார் 38,000 ஏக்கர். மேடும் பள்ளமுமான நிலத்தைத் தண்ணீர் மூடியதால் குன்றுகளும் ஓடைப் பள்ளங்களும் அடியில் அப்படியே இருக்கின்றன. ஆழப் பகுதிகளில் மரங்கள்கூட நின்றபடி இருக்கின்றன. மீன் போய் வரும் பாதையை இந்தத் தரை அமைப்புதான் தீர்மானிக்கிறது.

இங்கே அதிகம் பிடிபடுவது ஸ்பாட்டட் பாஸ். 2008இல் ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒரு வகையை அலபாமா பாஸ் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். லேனியரில் இருப்பது அந்த வகை. ஆனால் ஏரிக்கரையில் எல்லோர் வாயிலும் அது 'ஸ்பாட்'தான். நாக்கின் நடுவில் விரல் வைத்தால் சொரசொரப்பான பல்திட்டு தட்டுப்படும். உடன் வேட்டையாடுவது ஸ்ட்ரைப்பர், அதாவது வரிபோட்ட பெரிய பாஸ். அது இந்த ஏரியில் தானாகப் பெருகாததால் மாநிலத் துறை குஞ்சு விட்டு வளர்க்கிறது.

இரை முக்கியமாக இரண்டு. ஒன்று ப்ளூபேக் ஹெர்ரிங், இன்னொன்று த்ரெட்ஃபின் ஷேட். இரண்டும் நம் ஊர் மத்திக்கு, அதாவது சாளைக்கு, உறவு. ஹெர்ரிங் அட்லாண்டிக் கடலிலிருந்து முட்டையிட ஆறு ஏறிவரும் மீன். இந்த ஏரிக்கு வந்தேறி. ஐந்தாறு அங்குலம் வளரும், திறந்த ஆழ நீரை விரும்பும், மின்னலாகப் பாயும். ஷேட் அதைவிடச் சின்னது, இரண்டு மூன்று அங்குலம். மிதவை உயிர்களைத் தின்று கூட்டமாகத் திரியும். குளிர் தாங்காது, தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் சாக ஆரம்பித்துவிடும்.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், ஹெர்ரிங் தின்னும் பாஸ் வேகத்துக்குப் பழகியது. லூரை, அதாவது செயற்கை இரையை, விரட்டி வரும். ஷேட் தின்னும் பாஸ் அடிபட்டுத் துடிப்பதைப் பொறுக்கித் தின்னும். எந்த இரை என்று தெரியாமல் வீசுகிறவர் பாதி நாளை வீணாக்குகிறார்.

2. காலம்

ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை ஹெர்ரிங் முட்டையிடும். கல்லும் செம்மண்ணும் கலந்த மேடான முனைகளுக்குக் காலையில் வரும்; பாஸ் பின்னாலேயே வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாஸ் 20, 30 அடி ஆழத்தில் மேடுகள்மேல் கிடக்கும், அவ்வப்போது மேலே பாயும். அக்டோபர், நவம்பரில் ஷேட் ஓடைகளின் உள்பக்கம் ஒதுங்கும். அப்போது சின்னச் சின்னக் கொதிப்புகள் நாள் முழுக்க. குளிர்காலத்தில் எல்லாம் ஆழப் பள்ளங்களுக்கு இறங்கிவிடும். அப்போது பறவைதான் வழிகாட்டி.

3. மூன்று கோல் போதும்

கொதிப்பு அரை நிமிடம் நீடித்தால் அதிகம். அந்த நேரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் மூன்று கோலைக் கட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் காலில் சிக்கிக்கொண்டு விழுவார்கள்.

முதல் கோலில் மேலே மிதந்தபடி இடமும் வலமுமாக நெளியும் லூர், நாலரை அங்குலம். ஹெடன் நிறுவனத்தின் சாரா ஸ்பூக் அந்தக் குடும்பத்தின் பாட்டி. இன்றும் மீன் பிடிக்கிறது. நரம்பு 30 பவுண்டு பிரெய்ட், முனையில் இரண்டடி மோனோ. ஃப்ளோரோகார்பன் கூடாது. அது மூழ்கும், லூரின் மூக்கைக் கீழே இழுத்து நடையைக் கெடுக்கும். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, இதில் மோனோதான்.

இரண்டாவதில் ஐந்து அங்குல வெள்ளை ஃப்ளூக், அதாவது மென்பிளாஸ்டிக் லூர், எடை எதுவும் இல்லாமல். பத்து பவுண்டு பிரெய்ட், எட்டு முதல் பத்து பவுண்டு ஃப்ளோரோகார்பன். ஸ்பின்னிங் ரீல், ஏழடிக் கோல்.

மூன்றாவதில் முக்கால் அவுன்ஸ் வெள்ளி ஸ்பூன். இதற்கு எந்தக் கோலும் சரி.

லூர் வாங்கும்போது அதோடு வரும் மும்முள் பெரும்பாலும் மழுங்கல். நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மாற்றிவிடுங்கள். படகில் குழந்தைகள் இருந்தால் முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிடுங்கள்.

நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை, இல்லாவிட்டால் வெள்ளி. லூரில் பச்சை, ஊதா, ஆரஞ்சு எல்லாம் மனிதரைப் பிடிப்பதற்கு.

4. தேடுதல்

கொதிப்பைத் தேடாதீர்கள். கொதிக்கப்போகும் இடத்தைத் தேடுங்கள்.

இரைமீனைத் திறந்த நீரில் துரத்திப் பிடிப்பது பாஸுக்கும் லாபமில்லை. எதிலாவது முட்டவைத்து நெருக்க வேண்டும். கரை, முனை, நீருக்கடியில் இருக்கும் மேடு, இவை எதுவும் இல்லாவிட்டால் நீரின் மேற்பரப்பு. மேற்பரப்புக்கு மேலே இரைமீன் போக வழியில்லை. அதனால்தான் எல்லாம் அங்கே வந்து வெடிக்கிறது. ஆழத்திலிருந்து திடீரென்று உயரும் மேடு, காற்று நேராக வந்து மோதும் முனை, இரண்டு ஓடைப் பள்ளங்கள் சேரும் இடம் ஆகியவற்றை வரைபடத்தில் முந்தின நாளே குறித்துவிடுங்கள். காலையில் நான்கைந்து இடத்தைச் சுற்றினால் போதும்.

காற்று கொஞ்சம் வேண்டும். தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தால் பாஸ் லூரை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மேகம் கவிந்த நாள்தான் நல்லது என்பார்கள். ஹெர்ரிங் ஏரியில் அது செல்லாது. வெயிலும் மெல்லிய அலையும் சேர்ந்த நாளில்தான் ஆழத்திலிருக்கும் பாஸ் பளபளப்பைப் பார்த்து மேலே பாய்ந்து வருகிறது. பத்து மணிக்கே வெயிலுக்குப் பயந்து வீடு திரும்புகிறவர்கள் நல்ல நேரத்தை எனக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள். நன்றி.

அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறக்கும் நேரத்தையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அப்போது அணைக்குப் பக்கத்துப் பகுதிகளில் மெல்லிய நீரோட்டம் உண்டாகும். அசையாமல் கிடந்த பாஸ் இரை தேடத் தொடங்கும்.

குளிர்காலத்தில் கடற்புறாக்களும் லூன் பறவைகளும் ஏரிக்கு வரும். ஓரிடத்தில் கடற்புறா வட்டமடித்து மூக்கைத் தண்ணீரில் குத்துகிறதா, கீழே மீன் அடிக்கிறது. லூன்கள் கூடி முங்குகின்றனவா, இரைமீன் அங்கே இருக்கிறது. சும்மா தண்ணீர்மேல் உட்கார்ந்திருக்கும் கடற்புறாவை நம்பிப் போகாதீர்கள். இலையுதிர்காலத்தில் ஓடையின் உள்கோடியில் நாரை ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றால், ஷேட் கரையோரம் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள்.

சோனார் திரையில் இரைமீன் ஒரு மேகத் திட்டாகத் தெரியும். அதன் கீழே சாய்கோடுகள் ஏறி இறங்கினால் பாஸ். முன்பக்கம் பார்க்கும் சோனார் 2018க்குப் பிறகு பரவிவிட்டது, வசதியானதுதான். ஆனால் திரையிலேயே கண்ணை நட்டு வைத்திருக்கிறவர்கள் தலைக்குமேல் போகும் பறவையைக் கோட்டைவிடுகிறார்கள்.

5. நெருங்குதல்

பெரிய மோட்டாரை நூறு கெஜத்துக்கு முன்பே நிறுத்துங்கள். அதற்குமேல் மின்மோட்டார் மட்டும், அதுவும் குறைந்த வேகத்தில். காற்று வரும் பக்கமாக நின்று, காற்றே படகைக் கொண்டுபோகட்டும். கொதிப்புக்கும் படகுக்கும் இடையில் 25 முதல் 30 கெஜம் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வீச வரவில்லையென்றால் வீட்டுப் பின்புறத்தில் பழகிவிட்டு வாருங்கள். இந்த மீன்பிடிப்பில் பாதி வீச்சு.

இன்னொரு படகு முன்பே நின்று வேலை செய்துகொண்டிருந்தால் அந்தக் கூட்டம் அவருடையது. விலகிப் போங்கள்.

6. கொதிக்கும் அந்த அரை நிமிடம்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நடுவில் வீசாதீர்கள். ஆயிரக்கணக்கான ஹெர்ரிங் நெருக்கியடித்து ஓடும் இடத்தில் உங்கள் லூர் ஆயிரத்தில் ஒன்று. அதை ஏன் ஒரு பாஸ் தேர்ந்தெடுக்க வேண்டும்? அதோடு, தலைமேல் திடீரென்று ஒரு பொருள் விழுந்தால் இரைக்கூட்டம் வெடித்துச் சிதறும். பாஸ் கட்டிவைத்திருந்த நெருக்கம் கலைந்துவிடும். கொதிப்புக்கு அப்பால் பத்துப் பதினைந்து அடி தள்ளி வீசி, ஓரத்தை உரசும்படி இழுத்து வாருங்கள். கூட்டத்தைவிட்டுப் பிரிந்த ஒற்றை மீனைத்தான் பாஸ் முதலில் அடிக்கும். உங்கள் லூர் அந்த ஒற்றை மீனாக இருக்க வேண்டும்.

எந்த ஓரம் என்பதற்கும் கணக்கு உண்டு. இரைமீன் தாவும் திசையைப் பாருங்கள். அது பாஸிடமிருந்து விலகித்தான் தாவும். மீன்கள் இடமிருந்து வலமாகத் தெறிக்கின்றன என்றால் வேட்டை இடப்பக்கமிருந்து வருகிறது. அடுத்த கொதிப்பு வலப்பக்கம் எழும். அதனால் வலப்பக்க ஓரத்துக்கு முன்னால் வீசி, லூரை அங்கே காத்திருக்க வையுங்கள். கூட்டம் தானாகவே அதனிடம் வரும். படகில் துரத்திப் பிடிக்க முடியாத இடத்தை வீச்சில் முந்திவிடலாம்.

மேலே வெடிப்பதெல்லாம் பெரிய மீன் இல்லை. சின்ன ஸ்பாட்கள் துள்ளிக் குதிக்கும். பெரியவை பத்தடி கீழே நின்று, அடிபட்டுச் சுழன்று இறங்கும் இரையைச் சிரமமில்லாமல் விழுங்கும். மேலே இரண்டு பிடித்துவிட்டீர்கள், இரண்டும் சிறிது என்றால் உடனே ஃப்ளூக்கை எடுங்கள். கொதிப்பின் ஓரத்தில் வீசி, நரம்பைத் தளரவிட்டுத் தானாக இறங்க விடுங்கள். இறங்கும்போது நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால், அல்லது திடீரென்று இறங்குவது நின்றால், இழுங்கள். கையில் கடி தெரியும்வரை காத்திருந்தால் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

மேல்நீர் லூரில் நேர்மாறு. தண்ணீர் வெடித்த சத்தத்துக்குக் கையைத் தூக்காதீர்கள். பாஸ் பல தடவை முதலில் வாலாலோ மூக்காலோ அடித்துத் தடுமாறவைக்கும், பிறகுதான் வாய்வைக்கும். சத்தத்துக்கு இழுத்தால் மும்முள்ளோடு லூர் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்து வரும். வேடிக்கையாகச் சொல்லவில்லை, கறுப்புக் கண்ணாடி போடாத யாரும் என் படகில் ஏறுவதில்லை. லூரை நிறுத்தாமல் நெளிய விடுங்கள். கோலில் பாரம் தெரிந்ததும் பக்கவாட்டில் இழுங்கள், போதும்.

வேகம்: ஹெர்ரிங்கை அடிக்கிறதென்றால் இன்னும் வேகமாக. லூரைப் பாஸ் பிடிக்க முடியாதோ என்று நீங்கள் சந்தேகப்படும் வேகம்தான் சரியான வேகம். ஷேட்டை அடிக்கிறதென்றால் நிறுத்தி நிறுத்தி, செத்துக்கொண்டிருக்கும் மீன் போல.

இனி எல்லோரையும் பைத்தியமாக்கும் நிலைமை. கண்ணெதிரே கொதிக்கிறது, சரியாக வீசுகிறீர்கள், ஒன்றும் தொடுவதில்லை. இலையுதிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். பத்துக்கு ஒன்பது சமயம் காரணம் லூரின் அளவு. பாஸ் ஒன்றரை அங்குல ஷேட் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கும். நீங்கள் நாலரை அங்குலத்தை வீசிக்கொண்டிருப்பீர்கள். பிடித்த மீனின் தொண்டையைப் பாருங்கள், அல்லது தண்ணீரில் தத்தளிக்கும் இரையைக் கைவலையில் அள்ளிப் பாருங்கள். அந்த அளவுக்கு இறங்குங்கள்.

ஆனால் ஒன்றரை அங்குலப் பொருளுக்கு எடை கிடையாது, முப்பது கெஜம் எப்படி வீசுவது? இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மேல்நீர் லூரின் பின்முள்ளைக் கழற்றிவிட்டு, அந்த வளையத்தில் ஒன்றரை அடி மோனோவைக் கட்டி, அதன் முனையில் வெள்ளை இறகு கட்டிய சின்ன முள்ளை மாட்டுங்கள். லூர் எடை தரும், சத்தம் போட்டுக் கவனத்தை இழுக்கும். பின்னால் வரும் இறகை மீன் வாய்க்குள் போட்டுக்கொள்ளும்.  ஒரே வீச்சில் லூரில் ஒன்றும் இறகில் ஒன்றுமாக இரண்டு மாட்டுவதும் உண்டு. நரம்பு சிக்கும், அது இதன் ஒரே தொல்லை. வீச்சின் கடைசியில் நரம்பை விரலால் லேசாகத் தடுத்தால் லூரும் இறகும் நேர்க்கோட்டில் போய் விழும், சிக்கல் பாதியாகக் குறையும்.

7. அடங்கிய பிறகு

தண்ணீர் அடங்கியதும் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அங்கேயே இருங்கள். பாஸ் எங்கேயும் போய்விடவில்லை, கீழே இறங்கியிருக்கிறது. சிதறிய இரைத் துண்டுகள் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கின்றன. மூன்றாவது கோலை எடுத்து, கொதித்த இடத்திலேயே ஸ்பூனை இறக்குங்கள். சோனாரில் மீன் தெரியும் ஆழத்துக்கு இரண்டு மூன்றடி மேலே நிறுத்துங்கள். பாஸின் கண் மேல்நோக்கிப் பார்க்கும். கீழே கிடக்கும் ஸ்பூன் அதற்குக் கணக்கில் இல்லை. ஓரடி உயர்த்தி, நரம்பு அரைத்தளர்வாக இருக்கும்படி விழவிடுங்கள். கடி பெரும்பாலும் விழும்போதுதான்.

ஸ்பூனுக்கும் அசையாவிட்டால் அதே இடத்தின் மேல் மேல்நீர் லூரைக் கண்ணை மூடிக்கொண்டு வீசிக்கொண்டிருங்கள். ஒரு லூர் மேலே சலசலத்துப் போவதைக் கேட்டு, அடங்கிய கூட்டம் மறுபடி எழும்புவது இந்த ஏரியில் சகஜம். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தும் திரையில் ஒன்றும் இல்லையென்றால் குறித்துவைத்த அடுத்த மேட்டுக்குப் போங்கள். மதியத்துக்குமேல் முதல் மேட்டுக்குத் திரும்பி வந்தால், பெரும்பாலும் அங்கேயே மறுபடி கொதிக்கும்.

8. பிடித்த மீன்

பாஸின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்து, மற்றக் கையால் வயிற்றைத் தாங்குங்கள். 30 அடிக்குக் கீழிருந்து ஏறிய மீனின் காற்றுப்பை வீங்கியிருக்கும். அதைப் படமெடுத்துக்கொண்டே நிற்காமல், வைத்துக்கொள்வதா விடுவதா என்று சீக்கிரம் முடிவெடுங்கள். கோடையில் பிடிபடும் ஸ்ட்ரைப்பரை விட்டாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வெதுவெதுப்பான மேல்நீரில் போராடிய களைப்பே அதைக் கொன்றுவிடும். அதனால் கோடையில் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குப் பிடித்துவிட்டு ஸ்ட்ரைப்பர் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். விளையாட்டுக்காகப் பிடித்து விடுவது அங்கே புண்ணியமில்லை.

சமைப்பதற்கு ஸ்பாட்தான் என் கட்சி. ஒன்றரை பவுண்டு மீனைத் தோலுரித்து, மிளகும் மஞ்சளும் தடவிப் பொரித்தால் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஸ்ட்ரைப்பரில் பக்கவாட்டுச் சிவப்புச் சதையைச் செதுக்கி எடுத்துவிட்டுக் குழம்பு வையுங்கள். இல்லாவிட்டால் கவிச்சி தாங்காது. எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலம் வெளியிடும் பட்டியல் இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிளம்புமுன்

ஜார்ஜியாவில் 16 வயது நிரம்பியவர்களுக்குப் பொதுவாக மீன்பிடி உரிமம் வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா சும்மா ஒரு தடவை வீசிப் பார்ப்பதற்கும் அது பொருந்தும். அளவுக் கட்டுப்பாடும் எண்ணிக்கையும் ஏரிக்கு ஏரி மாறும், அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும். பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், இந்த ஏரி கரையை விட்டதும் சட்டென்று ஆழமாகும். 26 அடிக்குக் குறைந்த படகை வேகமாக ஓட்டும்போது, ஓட்டுகிறவர் கவிழ்ந்து விழுந்தால் மோட்டாரை அணைக்கும் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் கூட்டாட்சிச் சட்டம்.

அடுத்த முறை தண்ணீர் கொதிப்பதைப் பார்த்ததும் கை தானாகச் சாவிக்குப் போகும். சாவியைத் திருப்புங்கள், ஆனால் அணைக்கும் பக்கமாக.